மேற்கோள் எண்ணை எப்படிப் படிப்பது? சி.கே. பிரகலாத்தின் ஆய்வுகளை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆண்டுதோறும் ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் கல்லூரி வாசல்களில் புதிய பதாகைகள் ஏறுகின்றன: "உலகின் முதல் 2 சதவீத விஞ்ஞானிகள் பட்டியலில் எமது பேராசிரியர்." நாளிதழ்களின் உள்ளூர்ப் பக்கத்திலும் அதே செய்தி வருகிறது. எதில் 2 சதவீதம், யார் எண்ணியது, எதை எண்ணினார்கள் என்று படிப்பவர் குழம்புவது நியாயம்தான். ஒரே வளாகத்தில் வேதியியல் பேராசிரியருக்கு 12,000 மேற்கோள், எம்பிஏ துறைப் பேராசிரியருக்கு 600 மேற்கோள் என்றால் முதலாமவர் இருபது மடங்கு பெரிய ஆய்வாளரா? இல்லை. ஏன் இல்லை என்பதற்கு இந்த எண்கள் எப்படி உருவாகின்றன என்று அடியிலிருந்து பார்க்க வேண்டும்.

மேலாண்மைத் துறையில் இதற்கு மிகப் பொருத்தமான உதாரணம் கோயம்புத்தூரில் 1941இல் பிறந்து, சென்னை லயோலா கல்லூரியில் இயற்பியலும் அகமதாபாத் ஐஐஎம்மில் மேலாண்மையும் படித்து, ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்று, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பேராசிரியராக இருந்து 2010இல் மறைந்த சி.கே. பிரகலாத். ஒவ்வொரு அளவுகோலும் எங்கே வேலை செய்கிறது, எங்கே சறுக்குகிறது என்பது அவருடைய எழுத்துகளில் தெளிவாகத் தெரியும்.

மேற்கோள் என்பது என்ன

ஓர் ஆய்வுக் கட்டுரையின் கடைசியில் துணைநூற்பட்டியல் இருக்கும். அதில் உங்கள் கட்டுரை ஒருமுறை இடம்பெற்றால் உங்களுக்கு ஒரு மேற்கோள், அதாவது ஒரு சைட்டேஷன். உள்ளே பத்து இடத்தில் உங்களைக் குறிப்பிட்டிருந்தாலும் கணக்கு ஒன்றுதான். பாராட்டினாலும் ஒன்று, மறுத்தாலும் ஒன்று, முன்னுரையில் ஏழு பேரோடு சேர்த்து ஒரே அடைப்புக்குறியில் போட்டுவிட்டுக் கடந்தாலும் ஒன்று.

இந்த எண்ணிக்கையை முறைப்படுத்தியவர் யூஜின் கார்ஃபீல்ட். 1955இல் யோசனையாக எழுதி, 1964இல் அறிவியல் மேற்கோள் அட்டவணையாக அதை வெளிக்கொண்டுவந்தார். ஒரு கருத்து அதன் பிறகு எங்கெங்கே போனது என்று நூலகத்தில் தேடுவதற்கான கருவியாகத்தான் அது பிறந்தது. ஆள் தேர்வுக்கும் பதவி உயர்வுக்கும் பயன்பட்டது பிற்பாடு.

பிரகலாத் எழுதியவை

அவருடைய ஆய்வுப் பங்களிப்பு பெரும்பாலும் நான்கு கருத்துகளைச் சுற்றியது.

1. மேலோங்கு தர்க்கம். ரிச்சர்ட் பெட்டிஸுடன் 1986இல் ஸ்டிராட்டஜிக் மேனேஜ்மென்ட் ஜர்னலில் எழுதியது. பல தொழில்களில் இறங்கும் நிறுவனத்தின் உயர் அதிகாரிகள், தங்கள் பழைய தொழிலில் பழகிய சிந்தனைப் போக்கையே புதிய தொழிலுக்கும் பொருத்திப் பார்க்கிறார்கள், சறுக்கல் அங்கே தொடங்குகிறது என்பது வாதம்.

2. மையத் திறன். கேரி ஹேமலுடன் 1990இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் எழுதியது. ஒரு நிறுவனத்தின் பல தொழில்களுக்கும் அடியில் இருக்கும், மற்றவர் எளிதில் பின்பற்ற முடியாத திறனே அதன் பலம் என்பது வாதம். அதற்கு முந்தைய ஆண்டு இருவரும் அதே இதழில் "வியூக நோக்கம்" பற்றி எழுதியிருந்தார்கள்.

3. வாடிக்கையாளரோடு சேர்ந்து மதிப்பை உருவாக்குதல். வெங்கட் ராமசாமியுடன் 2004இல் கட்டுரையாகவும் புத்தகமாகவும் வந்தது.

4. பிரமிடின் அடித்தளம். ஸ்டுவர்ட் ஹார்ட்டுடன் 2002இல் கட்டுரை, 2004இல் பிரகலாத் தனியாக எழுதிய புத்தகம். உலகின் ஏழைகளைச் சந்தையாகவும் பங்காளிகளாகவும் பாருங்கள் என்று நிறுவனங்களிடம் சொன்னது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை அந்தப் புத்தகத்தின் முக்கியமான கேஸ் ஸ்டடிகளில் ஒன்று.

இந்த நான்கில் முதலாவது, பியர் ரிவ்யூ என்னும் சக ஆய்வாளர் மதிப்பீட்டைக் கடந்து கல்விசார் இதழில் வந்த வழக்கமான கட்டுரை. ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ ஆசிரியர் குழு தேர்ந்தெடுத்துச் செப்பனிடும் இதழ். நிறுவன மேலாளர்கள் படிப்பதற்கானது. ஆனால் மேற்கோள் குவிந்தது மையத் திறன் கட்டுரைக்கு. ஆய்வெழுத்துகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலர் தளத்தில் அதன் எண்ணிக்கை பல பத்தாயிரம்.

இதனால் வரும் நிர்வாகச் சிக்கலைப் பாருங்கள். ஃபைனான்ஷியல் டைம்ஸ் நாளேட்டின் 50 இதழ்ப் பட்டியலில் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ இருக்கிறது. டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் டல்லாஸ் வளாகம் பராமரிக்கும் 24 இதழ்ப் பட்டியலில் அது இல்லை. ஒரே கட்டுரை ஒரு பட்டியல்படி முழு மதிப்பெண், இன்னொன்றின்படி பூஜ்யம். எந்தக் கல்லூரி எந்தப் பட்டியலைக் கையில் வைத்திருக்கிறது என்பதே முடிவைத் தீர்மானித்துவிடும். இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழு ஏற்ற இதழ்களைச் சொல்லும், 2019இல் தொடங்கிய யுஜிசி-கேர் பட்டியல் 2025இல் கைவிடப்பட்ட பிறகு, இந்தத் தேர்வு இன்னும் அதிகமாக அந்தந்தக் கல்வி நிறுவனத்தின் தலையில் விழுந்திருக்கிறது.

எச்-இண்டெக்ஸ் மறைப்பது

2005இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்த அளவு இது. உங்கள் கட்டுரைகளை மேற்கோள் எண்ணிக்கைப்படி பெரியதிலிருந்து சிறியதாக அடுக்குங்கள். வரிசை எண்ணுக்குச் சமமாகவோ கூடுதலாகவோ மேற்கோள் உள்ள கடைசிக் கட்டுரை எதுவோ, அதன் வரிசை எண்தான் எச்.

கற்பனையாக இருவரை எடுத்துக்கொள்வோம்.

முதலாமவர்: 15 கட்டுரைகள், ஒவ்வொன்றுக்கும் 20 மேற்கோள். மொத்தம் 300. எச் 15.

இரண்டாமவர்: 5 கட்டுரைகள். மேற்கோள்கள் முறையே 40,000, 12,000, 9,000, 700, 6. மொத்தம் 61,706. எச் 5.

எச்சை மட்டும் பார்க்கும் தேர்வுக் குழு முதலாமவரை மூன்று மடங்கு உயரத்தில் வைக்கும். ஒரு கட்டுரை தன் வரிசை எண்ணைத் தாண்டிவிட்டால் அதற்கு மேல் எத்தனை ஆயிரம் சேர்ந்தாலும் எச் அசையாது. சீராக, அளவாக, தொடர்ந்து எழுதுபவருக்கு இந்தக் கணக்கு சாதகம். ஒரே கட்டுரையில் ஒரு துறையின் பேச்சு மொழியையே மாற்றுபவருக்குப் பாதகம். பிரகலாத்தின் மேற்கோள் பரவல் இரண்டாவது வகையைச் சேர்ந்தது. அவர் எழுதியவை ஐந்துக்கும் மிக அதிகம்தான். ஆனால் எடை முழுவதும் உச்சியில் உள்ள சிலவற்றில் இருக்கிறது.

இன்னொன்று. இருபது ஆண்டு உழைப்பில் எச் 20 வந்தால் வெற்றிகரமான விஞ்ஞானி என்று ஹிர்ஷ் சொன்னது இயற்பியலை மனதில் வைத்து. அதை அப்படியே எடுத்து மனிதவள மேலாண்மைப் பேராசிரியரின் நேர்காணலில் வைப்பது தவறு. கூகுள் ஸ்காலர் காட்டும் ஐ10 இன்னும் எளிய எண்: குறைந்தது 10 மேற்கோள் பெற்ற கட்டுரைகள் எத்தனை, அவ்வளவுதான். அதில் 10 மேற்கோளும் 40,000 மேற்கோளும் ஒன்று.

எந்தத் தரவுத்தளத்தில் எண்ணினார்கள்

ஒரே ஆளுக்கு மூன்று இடத்தில் மூன்று எண் வருவதற்குக் காரணம், ஒவ்வொரு தளமும் வேறு வேறு குவியலை எண்ணுகிறது.

வெப் ஆஃப் சயின்ஸ் தேர்ந்தெடுத்த இதழ்களை மட்டும் எடுக்கும். 2004இல் வந்த ஸ்கோபஸ் அதைவிட அகலம். துணைநூற்பட்டியல்களை 1970 வரை பின்னோக்கிச் சேர்த்திருக்கிறது. அதே 2004இல் வந்த கூகுள் ஸ்காலர் இணையத்தில் ஆய்வு போலத் தோன்றும் எல்லாவற்றையும் அள்ளும்: இதழ்க் கட்டுரை, புத்தகம், முனைவர் பட்ட ஆய்வேடு, மாநாட்டுத் தொகுப்பு, அச்சுக்கு முந்தைய வரைவு, சில நேரம் வகுப்புக் குறிப்புகூட.

252 துறைகளைச் சேர்ந்த 2,299 உயர் மேற்கோள் ஆவணங்களை வைத்து 2018இல் வெளியான ஓர் ஒப்பீட்டில், துறைவாரியாகப் பார்த்தபோது கூகுள் ஸ்காலர் மேற்கோள்களில் 93 முதல் 96 சதவீதம் வரை கண்டுபிடித்தது. ஸ்கோபஸ் 35 முதல் 77, வெப் ஆஃப் சயின்ஸ் 27 முதல் 73. மேலாண்மை போல புத்தகமும் ஆய்வேடும் அதிகம் பயன்படும் துறைகளில் இந்த இடைவெளி பெரிது. பிரகலாத்தின் அடித்தளச் சந்தைப் புத்தகத்தை ஓர் ஆய்வேடு மேற்கோள் காட்டினால் கூகுள் ஸ்காலரில் ஏறும். இதழ்களை மட்டும் எண்ணும் தளத்தில் அந்த ஆய்வேடே இல்லை.

அகலத்துக்கு ஒரு விலை உண்டு. 2012இல் ஸ்பெயினின் கிரனாடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இல்லாத ஓர் ஆசிரியர் பெயரில் ஆறு போலி ஆவணங்களை எழுதி, ஒவ்வொன்றிலும் தங்கள் குழுவின் 129 கட்டுரைகளை மேற்கோள் காட்டி, பல்கலைக்கழக இணையப் பக்கத்தில் ஏற்றினார்கள். கூகுள் ஸ்காலர் அத்தனையையும் எண்ணியது: 774 புதிய மேற்கோள்கள். ஏமாற்ற அவர்கள் இதைச் செய்யவில்லை, எவ்வளவு எளிது என்று காட்டவே செய்தார்கள். ஆகவே "கூகுள் ஸ்காலரில் இவ்வளவு" என்ற எண்ணைத் தனியாக நீட்டினால், ஸ்கோபஸில் எவ்வளவு என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

புத்தகங்களுக்கு ஒரு தனிச் சிக்கல்: பதிப்பு மாறும்போது மேற்கோள் சிதறும். 2002 கட்டுரையும் 2004 புத்தகமும் ஏறக்குறைய ஒரே தலைப்பு. பின்னால் வந்த பதிப்புகளை ஒவ்வொருவரும் ஒவ்வொரு ஆண்டு போட்டுக் குறிப்பிடுகிறார்கள். தளம் சில நேரம் எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டிவிடும், சில நேரம் நாலாகப் பிரித்துவிடும். இரண்டும் பிழை.

துறையின் வேகம்

வேதியியலிலும் மருத்துவத்திலும் கட்டுரை வந்த சில மாதங்களில் மேற்கோள் ஓடிவரும். மேலாண்மையில் ஒரு கட்டுரையை நல்ல இதழுக்கு அனுப்பி, இரண்டு மூன்று சுற்றுத் திருத்தம் முடிந்து அச்சேற இரண்டு மூன்று ஆண்டுகள் ஆவது சாதாரணம். அதைப் படித்து இன்னொருவர் எழுதி அவருடையது அச்சேற மேலும் அவ்வளவு.

இம்பாக்ட் ஃபேக்டர் இந்த இடத்தில்தான் இடறுகிறது. அது இதழுக்கான எண், ஆளுக்கானது அல்ல. ஓர் இதழின் 2024 எண் வேண்டுமென்றால், 2022, 2023இல் அந்த இதழில் வந்தவற்றுக்கு 2024இல் கிடைத்த மேற்கோள்களை, அந்த இரண்டு ஆண்டுக் கட்டுரை எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 150 கட்டுரைக்கு 900 மேற்கோள் என்றால் 6.0. ஆனால் மேலாண்மையின் முன்னணி இதழ்கள் பலவற்றில், பெறப்படும் மேற்கோள்களில் பாதிக்கு மேல் பத்தாண்டுக்கும் முந்தைய கட்டுரைகளுக்குப் போகின்றன. இரண்டு ஆண்டு ஜன்னல் வழியாகப் பார்த்தால் அவை கண்ணில் படா. 1986இல் வந்த மேலோங்கு தர்க்கத்தை இன்றும் எடுத்தாள்கிறார்கள். அந்த மேற்கோள் எதுவும் அதை வெளியிட்ட இதழின் இன்றைய இம்பாக்ட் ஃபேக்டரில் சேராது.

வேறு துறைகளை ஒப்பிட்டே ஆக வேண்டுமென்றால் ஸ்கோபஸ் தரும் துறைவாரி மேற்கோள் விகிதம் பரவாயில்லை. ஒரே துறை, ஒரே ஆண்டு, ஒரே வகைக் கட்டுரைகளின் உலக சராசரியை 1.00 என்று வைத்து உங்கள் கட்டுரை எத்தனை மடங்கு என்று சொல்லும். 2.00 என்றால் சராசரியின் இரட்டிப்பு. பத்துப் பன்னிரண்டு கட்டுரை மட்டும் உள்ளவரிடம் இதை நம்ப வேண்டாம். ஒரே ஒரு கட்டுரை திடீரென்று ஏறினால் மொத்த விகிதமும் எகிறிவிடும்.

மறுப்பும் கூடும், கடனும் மறையும்

2007இல் அனீல் கர்னானி என்ற பேராசிரியர் கலிபோர்னியா மேனேஜ்மென்ட் ரிவ்யூவில் அடித்தளச் சந்தைக் கருத்தை நேருக்கு நேர் மறுத்தார். அடித்தளத்தில் உள்ள சந்தை சொல்லப்படுவதைவிட மிகச் சிறியது, ஏழைகளை நுகர்வோராகப் பார்ப்பதைவிட உற்பத்தியாளராகப் பார்ப்பதே வறுமையைக் குறைக்கும் என்பது அவர் வாதம். கர்னானியும் அதே மிச்சிகன் பல்கலைக்கழகம்தான். இந்த மறுப்பும், அதைத் தொடர்ந்து வந்த விவாதங்களும் பிரகலாத்தின் மேற்கோள் கணக்கில் கூட்டலாகவே ஏறின. இதில் அநியாயம் எதுவும் இல்லை என்பது என் கருத்து. மறுக்கத் தகுந்த அளவுக்குத் திட்டமாக ஒன்றைச் சொல்வதும் பங்களிப்பே. ஆனால் மேற்கோள் என்பது ஏற்பு வாக்கு என்று நினைத்துப் படிப்பவர் இங்கே தவறான முடிவுக்கு வருவார்.

இதற்கு நேர்மாறான நிகழ்வும் உண்டு. நிறுவனத்தின் வெற்றி அதன் வளங்களில் இருக்கிறது என்ற பார்வையை 1984இல் ஸ்டிராட்டஜிக் மேனேஜ்மென்ட் ஜர்னலில் முன்வைத்தவர் பிர்கர் வெர்னர்ஃபெல்ட். பல ஆண்டுகள் அந்தக் கட்டுரை அதிகம் கவனிக்கப்படவில்லை. 1995இல் திரும்பிப் பார்த்து எழுதியபோது, தன் பார்வையை நிறுவனங்களின் நடைமுறைக்குக் கொண்டுசேர்த்த பெருமையைப் பிரகலாத், ஹேமல் இருவரின் 1990 கட்டுரைக்கே கொடுத்தார். எந்தத் தரவுத்தளத்திலும் அது மற்றவற்றைப் போல ஒரே ஒரு மேற்கோள். ஒரு துறையின் போக்கில் யார் யாருக்கு வழிவிட்டார்கள் என்பதை அந்தப் பத்தியைப் படித்தால்தான் அறிய முடியும்.

2 சதவீதப் பட்டியல் எப்படித் தயாராகிறது

ஸ்டான்ஃபோர்டின் ஜான் அயோனிடிஸும் குழுவினரும் ஸ்கோபஸ் தரவிலிருந்து தயாரிப்பது இது. முதன்முதலில் 2019இல் வந்தது. கவனிக்க வேண்டியவை:

1. ஆறு எண்களைச் சேர்த்த கூட்டு மதிப்பெண்: மொத்த மேற்கோள், எச், இணை ஆசிரியர் எண்ணிக்கைக்கு ஏற்பச் சரிசெய்த எச், தனியாக எழுதியவற்றின் மேற்கோள், தனி அல்லது முதல் ஆசிரியராக எழுதியவற்றின் மேற்கோள், தனி, முதல் அல்லது கடைசி ஆசிரியராக எழுதியவற்றின் மேற்கோள்.

2. இரண்டு பட்டியல்கள் உண்டு: வாழ்நாள் முழுவதற்கும் ஒன்று, ஒரே ஓர் ஆண்டுக்கு ஒன்று. பதாகைகளில் எது என்று எழுதியிருக்காது. இரண்டும் மிக வேறுபட்டவை.

3. மொத்த வரிசையில் முதல் 1,00,000 பேருக்குள் வந்தவர்களோடு, தம் உட்துறையில் முதல் 2 சதவீதத்துக்குள் வந்தவர்களும் இதில் சேர்வார்கள். உட்துறைகள் 174. மேலாண்மை ஆய்வாளர் தம் உட்துறைக்குள் ஒப்பிடப்படுவது இந்தப் பட்டியலின் நல்ல அம்சம்.

4. தற்கோள், அதாவது தன்னைத் தானே மேற்கோள் காட்டியது, சேர்த்தும் கழித்தும் இரண்டு வரிசை எண்கள் தரப்படுகின்றன.

ஆசிரியர் வரிசையில் ஒரு நுட்பம் இருக்கிறது. மருத்துவத்தில் கடைசிப் பெயர் ஆய்வுக்கூடத் தலைவருடையது. மேலாண்மையில் கடைசி இடத்துக்கு அப்படி ஒரு பொருள் கிடையாது; பெரும்பாலும் பங்களிப்பு குறைவு என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். 1990 கட்டுரையில் பிரகலாத் முதலில், ஹேமல் அடுத்து. 1989இல் ஹேமல் முதலில். இருவர் எழுதியதில் இரண்டாமவரே கடைசியுமாவதால் 1989 கட்டுரையும் பிரகலாத்துக்கு ஆறாவது எண்ணில் கணக்காகும். மூவர் எழுதியதில் நடுவில் நிற்பவருக்கு அது கிடைக்காது. உழைப்பில் வித்தியாசம் இல்லாவிட்டாலும் மதிப்பெண்ணில் வரும்.

இனிஷியலும் தரவுத்தளமும்

நம் பெயர் வழக்கம் இந்தத் தளங்களுக்குப் புரிவதில்லை. தந்தை பெயரின் முதலெழுத்து முன்னால், சொந்தப் பெயர் பின்னால் என்று எழுதினால் தளம் சொந்தப் பெயரைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளும். பிரகலாத்துக்கு அது ஒரே சீராக அமைந்தது: எங்கும் சி.கே. பிரகலாத். இனிஷியலைப் பின்னால் போட்டு, "சுந்தரம் கே" என்று ஒருவர் அனுப்பினால் குடும்பப் பெயர் "கே" ஆகிவிடும். வெளிநாட்டு இதழ் இனிஷியலை விரித்து எழுதச் சொன்னால் அடுத்த கட்டுரையில் தந்தை பெயர் குடும்பப் பெயராகும். இப்படி ஒருவருக்கு ஸ்கோபஸில் மூன்று அடையாள எண்கள், மேற்கோள் மூன்றாகப் பிளவு. "குமார் எஸ்" போன்ற பெயர்களில் எதிர்த் தொல்லை: பலருடைய கட்டுரைகள் ஒருவரிடம் குவியும்.

இதற்குத் தீர்வு, முதல் கட்டுரை அனுப்பும்போதே பெயர் வடிவம் ஒன்றை முடிவு செய்து அதை மாற்றாமல் இருப்பது. ஆய்வாளருக்கான அடையாளமான 16 இலக்க ஆர்க்கிட் எண் எடுத்து ஒவ்வொரு சமர்ப்பிப்பிலும் கொடுப்பது. ஸ்கோபஸில் பிரிந்த அடையாளங்களை இணைக்கச் சொல்லி விண்ணப்பிப்பது. மூன்றுக்கும் கட்டணம் இல்லை.

ஒரு விவரப் பக்கத்தைச் சரிபார்க்கும் வரிசை

1. கூகுள் ஸ்காலர் பக்கத்தை மேற்கோள் எண்ணிக்கைப்படி அடுக்குங்கள். முதல் ஐந்து உருப்படிகளையும் திறந்து, அவை உண்மையில் அவருடையவைதானா என்று பாருங்கள். எண்ணின் பக்கத்தில் உடுக்குறி இருந்தால் வேறு உருப்படிகளின் மேற்கோளும் சேர்ந்திருக்கலாம்.

2. ஸ்கோபஸின் இலவச ஆசிரியர் தேடலில் அதே பெயரைப் போடுங்கள். மேலாண்மையில் கூகுள் எண் சில மடங்கு கூடுதலாக இருப்பது இயல்பு. கூகுளில் ஆயிரக்கணக்கில் இருந்து ஸ்கோபஸில் ஒற்றை இலக்கம் என்றால் காரணம் தேட வேண்டும்.

3. முதல் ஐந்து கட்டுரைகளும் எந்த இதழில் வந்தவை என்று பாருங்கள். ஆஸ்திரேலிய வணிகவியல் துறைத் தலைவர்கள் அமைப்பின் தரவரிசையில் அவை எந்தப் படியில் இருக்கின்றன? பெயரளவில் நல்ல இதழைப் போலவே ஒலிக்கும் போலி இதழ்கள் உண்டு. வெளியீட்டாளர் முகவரியையும், இதழின் அடையாளமான ஐஎஸ்எஸ்என் எண்ணையும் ஒப்பிடுங்கள்.

4. மேற்கோள் காட்டியவர்கள் யார்? நூறு மேற்கோளில் அறுபது ஒரே கல்லூரியிலிருந்து அல்லது ஒரே சிறு இதழிலிருந்து வந்திருந்தால் அது பரிமாற்றம். தற்கோள் மட்டும் இருப்பதைக் குற்றமாகப் பார்க்காதீர்கள். பெட்டிஸும் பிரகலாத்தும் 1995இல் மேலோங்கு தர்க்கத்தை மறுபரிசீலனை செய்தபோது 1986 கட்டுரையைச் சுட்டாமல் எழுத வழியே இல்லை.

5. கடைசியாக, அதிக மேற்கோள் பெற்ற கட்டுரையை எடுத்தாண்ட பத்து கட்டுரைகளைத் திறந்து, எந்த வாக்கியத்தில் எடுத்தாண்டிருக்கிறார்கள் என்று படியுங்கள். ஒரு மணி நேர வேலை. மையத் திறன் கட்டுரைக்கே இதைச் செய்யலாம். ஒரு திறன் மையத் திறன் ஆக மூன்று சோதனைகளைப் பிரகலாத்தும் ஹேமலும் வைத்தார்கள்: பல சந்தைகளுக்குள் நுழைய அது வழிவிட வேண்டும், வாடிக்கையாளர் உணரும் பயனில் அதன் பங்கு கணிசமாக இருக்க வேண்டும், போட்டியாளர் பின்பற்றக் கடினமாக இருக்க வேண்டும். பத்தில் எத்தனை கட்டுரைகள் இந்த மூன்றையும் தம் தரவில் சோதித்திருக்கின்றன, எத்தனை அந்தச் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கின்றன என்று இரண்டு பத்தியாகக் குறித்துக்கொள்ளுங்கள். தேர்வுக் குழுவின் மேசைக்கு மொத்த எண்ணோடு இந்தக் குறிப்பும் போக வேண்டும்.